தலையில் வைக்காத பூ

"வீடு நம்மள மொறைக்குது அண்ணி" என்றாள் பாப்பா. நான் கொல்லைப்படியில் உட்கார்ந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன்.

"மொறைச்சா மொறைக்கட்டும். நாமளும் திருப்பி மொறைப்போம்" என்றேன்.

பாப்பா என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. ஐம்பதைத் தாண்டிய பிறகும் வீட்டிலும் தெருவிலும் அவளுக்குப் பாப்பா என்றுதான் பெயர். கல்யாணம் கூடி வரவில்லை. நான் இந்த வீட்டுக்கு வாழ வந்த அன்று பாவாடை தாவணியில் நின்று கதவைத் திறந்துவிட்டவள் அவள். "வாங்க அண்ணி" என்று அன்றைக்கு ஒரு நாள்தான் மரியாதை. மறுநாளிலிருந்து நீ, வா, போ. அதற்குப் பிறகு எங்களுக்குள் நடந்த சண்டையை எல்லாம் எழுதினால் தனிப் புத்தகம்தான் போட வேண்டும். என் வீட்டுக்காரர் இறந்து, மகனும் கல்யாணமாகி லாஸ்பேட்டைப் பக்கம் ஃப்ளாட்டுக்குப் போன பிறகு இந்த நீள வீட்டில் மிஞ்சியது நாங்கள் இரண்டு பேர்தான். எங்களுக்குள் ரத்த சம்பந்தம் கிடையாது. சண்டை சம்பந்தம்தான்.

சமையலறையிலிருந்து கொல்லைக்கு இறங்கச் சில கருங்கல் படிகள். கீழே கடப்பாக்கல் பாவிய தரை. அதற்கு அந்தப்பக்கம் பழைய சுண்ணாம்புச் சுவர். என் வீட்டுக்காரருக்கு மண் என்றால் ஆகாது. பாம்பு வரும், காலில் ஒட்டும், வீட்டுக்குள் வரும் என்று சொல்லிச் சொல்லியே ஒரு சாண் மண் விடாமல் கல்லைப் பாவிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் குந்தி உட்கார்ந்து, கல்லிடுக்கில் முளைத்த புல்லை ஒரு ஆணியால் சுரண்டிச் சுரண்டி எடுப்பார். அவர் இருந்தவரைக்கும் அது சுத்தமாகத் தெரிந்தது. அவர் போன பிறகு வெறும் கல்லாகத் தெரிந்தது. மத்தியானம் கதவைத் திறந்தால் அனல் முகத்தில் அறையும். பாப்பா சொன்னது பொய்யில்லை. மொறைக்கத்தான் செய்தது.

அவர் போன அதே வருஷம் இன்னொன்றும் நடந்தது. அவருடைய காரியத்தன்று என் தலையிலிருந்து பூ போனது. நான் ஆரம்பப்பள்ளியில் வாத்தியாரம்மாவாக இருந்து ரிட்டையர் ஆனவள். இதெல்லாம் எந்தக் காலத்துப் பழக்கம், வேண்டாம் என்று எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்னவள். என் முறை வந்தபோது வாயைத் திறக்கத் தெம்பில்லை. எடுத்துக்கொண்டு போங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன்.

சரி, என் கதை அது. பாப்பாவுக்கு என்ன வந்தது? சாயங்காலம் பூக்காரம்மா வாசலில் நின்று குரல் கொடுத்தால் அடுப்பில் பால் பொங்கினாலும் பொங்கட்டும் என்று ஓடுகிறவள் அவள். நிறைய முடி. பாதி நரைத்த பிறகும் ஒரு முழம் மல்லியோ கனகாம்பரமோ இல்லாமல் வேலைக்குப் போய் நான் பார்த்ததில்லை. காரியம் முடிந்து முதல்நாள் வேலைக்குக் கிளம்பியவள் வெறுந்தலையோடு நின்றாள்.

"எங்கடி பூ?"

"மறந்துட்டேன் அண்ணி."

மறுநாளும் மறந்தாள். அதற்கு மறுநாளும். "உன்ன யாருடி வேணான்னது? நீ வெச்சிக்க" என்று கத்தினேன். "தல கனக்குது அண்ணி, உடு" என்றாள். பூக்காரம்மா சில நாள் எங்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறகு நிற்காமல் போகப் பழகிக்கொண்டாள். எனக்குத் தெரியாதா? எனக்கில்லாதது அவளுக்கும் வேண்டாம் என்று வைத்துக்கொண்டிருக்கிறாள். சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டாள். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வந்து, "சாம்பாருல உப்பு இல்ல" என்று அவளிடம் எரிந்து விழுந்தேன்.

பாப்பா கன்னியாஸ்திரி மடத்துத் தையற்கூடத்தில் பூவேலை செய்தாள். மேஜை விரிப்பு, தலையணை உறை, கைக்குட்டை எல்லாம் அங்கே தைத்து பிரான்சுக்குப் போகும். விரிப்பின் ஓரம் நெடுகப் போடுகிற பூ ஒன்று உண்டு. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் பொட்டு. சாமந்தி ஜாதிதான், ஆனால் ரொம்பச் சின்னது. மர்கெரித் என்பார்கள் அங்கே. தாவணி போட்ட காலத்திலிருந்து அந்தப் பூவைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை.

கூடத்தை நடத்துகிற கன்னியாஸ்திரியை எல்லோரும் மாமேர் என்று கூப்பிடுவார்கள். அவர் லீவுக்கு பிரான்சுக்குப் போய்த் திரும்பியபோது செல்போனில் ஒரு படம் காட்டியிருக்கிறார். ஏதோ பழைய வீட்டின் கல்படி. படியிடுக்கு, சுவர் வெடிப்பு, நடைபாதைக் கல் என்று ஒன்று விடாமல் அந்தப் பூ. யாரும் நடவில்லையாம். ஒரு தடவை போட்டால் தானாக விழுந்து தானாக முளைத்துக்கொண்டே இருக்குமாம். பாப்பா படத்தை விட்டுக் கண்ணை எடுக்காததைப் பார்த்து, கைப்பையிலிருந்து ஒரு கவரில் கொஞ்சம் விதையும் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அன்றைக்கு அவள் வீட்டுக்கு வந்த நடையே வேறு. செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராகக் கொல்லைக்குப் போனாள்.

விதை முளைக்கத்தான் செய்தது. மாசி வரைக்கும் பச்சையாக நின்றது. பங்குனியில் பூக்காமலேயே வாடி, சித்திரை பிறந்ததும் பொசுங்கிப் போனது.

"உன் பிரான்சுக்காரி நம்ம ஊரு வெயில்ல கருவாடாயிட்டா பாரு" என்றேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்த வாரமே பிள்ளைச்சாவடி போகிற ரோட்டில் இருக்கிற ஒரு நர்சரிக்கு பஸ் ஏறிப்போய் இன்னொரு பாக்கெட்டோடு வந்தாள். வெயில் தாங்குகிற சாதி என்று கேட்டு வாங்கியிருக்கிறாள். படத்தைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான் அளவுக்கு மஞ்சள் பூ.

"இதுக்கு என்ன பேரு?"

"மர்கெரித்து."

"ஏய், அது வெள்ளையில்ல?"

"நம்ம ஊரு வெயில்ல நின்னு மஞ்சளாயிட்டா. உனக்கு இன்னா இப்ப?" என்றாள்.

மழை தொடங்குகிற சமயம் பார்த்து விதை போட்டாள். அவள் விதை போட்ட விதம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அவளுடைய தையல் ஊசியை எடுத்து, முனையை நாக்கில் தொட்டு, ஈரத்தில் ஒரே ஒரு விதையை ஒட்ட வைப்பாள். மயிரிழை மாதிரி கறுப்பு விதை. அதைக் கல்லிடுக்கில் இறக்கிவிட்டு ஊசியை ஒரு தட்டு. மறுபடி நாக்கு, மறுபடி விதை. மேஜை விரிப்பின் ஓரத்தில் பூப்போடுகிற மாதிரியே சரியான இடைவெளி விட்டு, படி படியாக இறங்கி, தரை முழுக்கப் போட்டுச் சுவருக்கு ஏறினாள். "அள்ளித் தூவுடி, இன்னா ஊசிமுனையில ஒக்காந்து தவம் பண்ற?" என்று நான் கத்தியதைக் காதில் வாங்கவே இல்லை.

மார்கழியில் பூத்தது. மல்லித்தழையை நூல் நூலாகக் கிழித்துவிட்ட மாதிரி இலை. மேலே மேலே குட்டிக் குட்டியாக மஞ்சள். புடவை உரசினால் எலுமிச்சம்பழத் தோலை நகத்தால் கீறிய மாதிரி ஒரு வாசனை வரும். படியில் கால் வைக்கிற நடுவிடத்தை மட்டும் விட்டுவிட்டு இரண்டு ஓரமும் பிடித்துக்கொண்டது. சுவர் வெடிப்பிலிருந்து கொத்துக் கொத்தாகத் தொங்கியது. மத்தியானச் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்படியில் போய் உட்கார ஆரம்பித்தேன். பாப்பா அதைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, இப்ப யாரும் மொறைக்கலயா?" என்று கேட்டாள். "வாய மூடிக்கிட்டு மோர ஊத்து" என்றேன்.

ஒரு வெள்ளிக்கிழமை சாமி படத்துக்கு வைக்கலாம் என்று ரெண்டு பூவைப் பறிக்கக் குனிந்தேன். பளீரென்று கையில் ஒரு அடி விழுந்தது.

"பறிக்காத. காயட்டும்."

"காயட்டுமா? பூவா இது, அப்பளமா?"

"சாமிக்கு மார்க்கெட்டுல வாங்கிக்க. இதத் தொடாத" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பூவைப் பறிக்காமல் காயவிடுகிற ஒருத்தியை எந்த ஊரிலாவது கண்டதுண்டா? பூ என்றால் எதற்கு? தலைக்கு, இல்லை சாமிக்கு. பூத்துச் செடியிலேயே கருகினால் ஐயோ வீணாகப் போச்சே என்று வயிறு எரிகிற ஜனம் நாம். கஞ்சப்பிசினாறி என்று திட்டினேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். பொதுவாகவே அவள் பேச்சு குறைவு. விளக்கம் சொல்வது என்பது கிடையவே கிடையாது. "காயட்டும்" என்றால் அவ்வளவுதான்.

ஆனால் அன்றைக்குச் சாயங்காலம் படியில் உட்கார்ந்து கால் அமுக்கிக்கொண்டிருந்தவள் தானாகவே சொன்னாள். "பூன்னா தலைக்கு வெக்கணும், இல்லன்னா சாமிக்கு, இல்லன்னா பொணத்துக்கு. எதுக்குமே இல்லாம சும்மா இருக்கற பூ ஒண்ணு நம்ம வூட்ல இருக்கட்டும்னு தோணிச்சு அண்ணி. காம்பே இல்லாத பூவாப் பாத்துத்தான் வாங்கியாந்தேன். யாராலயும் கட்ட முடியாது. யாரு வெச்சிக்கலாம், யாரு வெச்சிக்கக் கூடாதுங்கற பேச்சே வராது."

ஏதாவது சொல்ல வேண்டும். "எழுந்து வெளக்கேத்து, இருட்டுது" என்று சொன்னேன்.

அப்படியே சில வருஷங்கள் போயின. வெயில் தாங்குகிற சாதி என்றாலும் கத்திரி வெயிலில் எல்லாம் கருகிக் காணாமல் போகும். முதல் வருஷம் நான் பதறினேன். "போயிட்டு வரும்" என்றாள் அவள். ஐப்பசி மழைக்கு, யாரும் ஒன்றும் போடாமலேயே, இடுக்கெல்லாம் பச்சை கட்டும். ஊசியால் ஒரு தடவை போட்டதுதான். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அதன் பிள்ளைகள், பிள்ளைகளின் பிள்ளைகள். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கூடுதலாக நகர்ந்து, துணி துவைக்கிற கல்லின் அடிவரைக்கும் வந்துவிட்டது.

போன ஆடிக்கு முந்திய ஆடியில் அவளுக்கு வயிற்றுவலி வந்தது. கஷாயம் வைத்துக் கொடுத்தேன். கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டியபோது கட்டி என்றார்கள், ரொம்ப முற்றிவிட்டது என்றார்கள். அதற்கு மேல் அதை எழுத எனக்கு விருப்பமில்லை. நிறைய முடி என்று சொன்னேனே, அது போனது. துணியால் தலையைச் சுற்றிக்கொண்டு, "இப்ப கனக்கல அண்ணி" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மார்கழிக் கடைசியில் ஆஸ்பத்திரியில்தான் இருந்தாள். நான் காலையில் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தால் முதல் கேள்வி, "பூத்துடிச்சா?" என்பதுதான். "பூத்துக் கொட்டுது" என்பேன். செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுவேன். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எலும்பு மட்டும்தான் இருந்தது அந்தக் கையில்.

"அண்ணி, நான் போயிட்டா அத மட்டும் உட்டுடாத. கல்லு மறுபடி மொறைக்க ஆரம்பிச்சுடும். நீ தனியா இருப்ப."

"ச்சீ, வாயக் கழுவு" என்றேன். பிறகு, "உடமாட்டேன்டி, சத்தியமா உடமாட்டேன்" என்றேன். பொங்கல் கழிந்து இரண்டொரு நாளில் போய்விட்டாள்.

அவளைக் குளிப்பாட்டியது அந்தக் கொல்லைக் கல்லில்தான். பெண்கள் கூட்டமாக நின்றார்கள். தண்ணீர் குடம் குடமாக ஊற்றினார்கள். எல்லோர் காலடியிலும் மஞ்சள் நசுங்கியது. "மிதிக்காதீங்க, ஐயோ மிதிக்காதீங்க" என்று நான் கத்தியதை, துக்கத்தில் புத்தி பேதலித்துப் போச்சு என்று நினைத்து ரெண்டு பேர் என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து பார்த்தேன். நசுங்கியதெல்லாம் தலையைத் தூக்கி நின்றது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வெடித்தது.

காரியத்தன்று அவள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டினான் மகன். மடத்து விழாவில் எடுத்த படம், பல் தெரியச் சிரிக்கிறாள். கடைமாலை ஒன்று போட்டிருந்தார்கள். மறுநாள் அது வாடிப் போனதும் வெறும் படம் தொங்கியது. என்னால் பார்க்க முடியவில்லை. வீடு கொள்ளாமல் அவளுடைய பூவே கிடக்கும்போது அவளுக்குக் கடைப்பூ எதற்கு?

காம்பில்லாத பூவைக் கட்ட முடியாது. கோக்கலாம். அவளுடைய தையல் டப்பாவைத் திறந்து, அவள் விதை போட்ட அதே ஊசியை எடுத்தேன். மஞ்சள் நூல் கண்டும் அதிலேயே இருந்தது. காலையில் எழுந்ததும் ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவேன். படி, தரை, சுவர் என்று ஒரு பூ விடாமல் பறிப்பேன். முன்பே வாடி நின்றதையும் கிள்ளிக் குப்பைக்கூடையில் போடுவேன். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கோத்து, படத்தைச் சுற்றிப் போட்டுவிட்டுத்தான் காப்பி குடிப்பேன். கோக்கும்போது அவளோடு பேசுவேன். ஊர்க்கதை, மருமகள் கதை, கரண்ட் போன கதை எல்லாம். எத்தனையோ நாள் கழித்து அந்த நேரத்தில்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

பறிக்கப் பறிக்கப் பூத்தது. முன்னே பார்த்ததற்கு இரண்டு பங்கு பூத்தது. இன்றைக்கு மொட்டையாக விட்டுவிட்டு வந்தால் நாளைக்குக் காலையில் மறுபடி மஞ்சள். "பாத்தியாடி, நீ பறிக்கக் கூடாதுன்ன. என் கையிக்கு எப்படிப் பூக்குது பாரு" என்று படத்தைப் பார்த்துப் பெருமையடித்துக்கொண்டேன். அவளே எனக்காக அனுப்புகிறாள் என்றுகூட நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நிஜமாகவே நினைத்தேன்.

வாக்குக் கொடுத்திருந்தேன் இல்லையா, காவலும் காத்தேன். பாத்ரூம் குழாய் உடைந்து, தரையைக் கொத்திப் பைப்பு போட வேண்டும் என்று கடப்பாரையோடு வந்த பிளம்பரை, சுவர் மேலாகவே பைப்பைக் கொண்டுபோக வைத்தேன். பின்கதவு வழியாக நுழைந்த ஆட்டை விளக்குமாறோடு தெருக்கோடி வரைக்கும் துரத்தினேன். தட்டாஞ்சாவடியில் ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கிற என் மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பை எடுத்துக்கொண்டு வந்து கொல்லையை அளந்தான்.

"டைல்ஸ் போட்டுடலாம்மா. கல்லெல்லாம் ஏத்த எறக்கமா இருக்குது. உழுந்து வெச்சா இன்னா பண்றது?"

"உழுந்தா உழறேன். இந்தக் கல்லுல கைய வெச்ச, வூட்டு வாசப்படிய மிதிக்காத."

"அத்தையே தேவலாம்மா. அவங்களாவது ஒரு வார்த்தையோட நிறுத்துவாங்க" என்று சிரித்துக்கொண்டே டேப்பைச் சுருட்டினான்.

துக்க வருஷம் என்பதால் வெள்ளையடிக்கும் பேச்சும் இல்லை. சுவரைச் சுரண்ட யாரும் வரவில்லை. எல்லாப் பக்கமும் ஜெயித்துவிட்டேன் என்று இருந்தேன்.

படத்துக்குப் போட்ட பூவைக் குப்பையில் கொட்டக் கூடாது, காலில் படக் கூடாது. காய்ந்த மாலைகளை எல்லாம் ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்திருந்தேன். வெயில் வந்து செடியெல்லாம் கருகி, மாலை போடுவதும் நின்ற பிறகு, மகனை அழைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் வீராம்பட்டினம் கடற்கரைக்குப் போனேன். முட்டியளவு தண்ணீரில் இறங்கிப் பையைக் கவிழ்த்தேன். சருகாக மிதந்தது. ஒரு அலை வந்து எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுவந்து என் காலடியில் போட்டது. "போ பாப்பா, போ" என்று சொல்லி இரண்டு கையாலும் தள்ளிவிட்டேன். அடுத்த அலை கொண்டுபோனது.

சரி, போயிட்டு வரும் என்று காத்திருந்தேன். கொல்லை வெறிச்சென்று கிடந்தபோதும் எனக்குக் கவலையில்லை. ஒவ்வொரு வருஷமும் அப்படித்தானே?

ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் மழைக்கே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கல்லிடுக்கில் பாசி வந்தது. கீழாநெல்லி வந்தது. தினம் காலையில் குனிந்து குனிந்து பார்த்தேன். நாளாகும் போலிருக்கிறது என்றேன். மழை போதவில்லை என்றேன். பிறகு மழை அதிகம், அடித்துக்கொண்டு போயிருக்கும் என்றேன். கார்த்திகை வந்தது. விளக்கு வைக்கிற நாளும் போனது. நூல் மாதிரி இலையோடு ஒரே ஒரு செடிகூட வரவில்லை. மகன் கேட்டால் மட்டும், "வருது, வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். யார் என்ன செய்தார்கள் என்று யோசித்தேன். பிளம்பர் சிமெண்டுத் தண்ணியைக் கொட்டியிருப்பானோ? ஆடு மேய்ந்துவிட்டதோ? மனசுக்குள் எல்லோரையும் வைது தீர்த்தேன்.

ஒரு நாள் மத்தியானம் படியில் உட்கார்ந்திருந்தேன். சுவரோரம் தாத்தாப்பூ ஒன்று முளைத்திருந்தது. தெருவெல்லாம் கிடக்கிற களைதான். பூத்து முடிந்து, தலை காய்ந்து, பஞ்சாக நின்றது. காற்று வந்தது. பஞ்சு ஒவ்வொன்றாகப் பிரிந்து போய்க் கல்லில் உட்கார்ந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கறுப்பு விதை.

காயட்டும் அண்ணி.

பூவிலிருந்து காய், காயிலிருந்து விதை, விதையிலிருந்து செடி என்று வருஷக்கணக்காகக் கரும்பலகையில் படம் வரைந்து மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். மறந்தால் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்தவள். ஒரு பூகூடக் காய நான் விடவில்லை. எப்படியாவது ஒரு விதை வைத்துவிடலாம் என்று அந்தச் செடி மறுபடி மறுபடி பூத்திருக்கிறது. நானும் மறுபடி மறுபடி கிண்ணத்தோடு போய் நின்றிருக்கிறேன். அதைப் போய் என் கைராசி என்று நினைத்தேனே. அந்தச் சருகு மாலைகளில் ஒன்றிரண்டு விதையாவது தங்கியிருக்கும். கடல்கூட ஒரு தடவை திருப்பிக் கொடுத்துப் பார்த்தது. நான்தான் தள்ளிவிட்டேன். படியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

விஷயத்தை மகனிடம் சொன்னேன். அவன் மறுநாளே பிள்ளைச்சாவடி ரோட்டு நர்சரியிலிருந்து அதே பாக்கெட்டை வாங்கி வந்தான். அதே படம், அதே மஞ்சள்.

"இன்னாடா இது? கடையில விக்கறதா உங்க அத்த?" என்று கத்திவிட்டேன். பாவம், முகம் சுண்டிப் போய் நின்றான். அவன் மேல் என்ன தப்பு? பிறகு கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டேன். பாக்கெட் தையல் டப்பாவுக்குள் இருக்கிறது. இன்னும் பிரிக்கவில்லை. ஊசியை எடுத்து நாக்கில் தொட்டு ஒருநாள் பார்த்தேன். திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டேன்.

இதோ மறுபடி பொங்கல் வருகிறது. அது கழிந்தால் அவளுக்குத் தலைத்திவசம். மருமகள் வந்து பார்த்துவிட்டு, "என்னங்க அத்தை, படம் வெறுமையா இருக்குது, நான் மாலை வாங்கியாரட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அவள் போன பிறகு படத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

"எல்லாத்தயும் உனக்கேதான் போட்டேன் பாப்பா" என்றேன். "ஒண்ணு உடாம உனக்கேதான் போட்டேன்."

பின்னால் கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. கல் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. பறிக்கப் போன என் கையைத் தட்டிவிட இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். அவளுக்குத்தான் நான் பறித்துக்கொண்டிருந்தேன்.